கேஸ் வாசனை வந்தால் முதல் அரை நிமிடம்: கை தவறான இடத்துக்குப் போகாமல் இருக்க எதைப் பழகுவது?

மூன்றாம்மாடி (கேள்வி)

வணக்கம். அடுக்குமாடியில் மூன்றாவது தளத்தில் இருக்கிறோம். முட்டிவலியால் மெதுவாக நடக்கும் மாமியார், ஏழு வயதிலும் நான்கு வயதிலும் இரண்டு பிள்ளைகள், காலையில் சமைக்க வரும் அக்கா ஒருவர். சிலிண்டர் அடுப்பு மேடைக்குக் கீழே, கதவில்லாத திறந்த இடத்தில் இருக்கிறது.

கேஸ் கசிந்தால் என்ன செய்யணும் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் வாய்ப்பாடு மாதிரித் தெரியும். ஜன்னலைத் திற, சுவிட்சைத் தொடாதே, வெளியே வா. ஆனால் அந்த நேரத்தில் இது நினைவுக்கு வருமா என்பதுதான் என் பயம். ஒருவர் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட ஓடுவார், ஒருவர் லைட்டைப் போடுவார், இன்னொருவர் சிலிண்டரை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போகப் பார்ப்பார். "பதறாதீங்க" என்று எல்லாரும் சொல்கிறார்கள். பதறாமல் இருப்பது எப்படி என்று சொல்பவர்கள் குறைவு. அனுபவம் உள்ளவர்கள் வரிசைப்படி, காரணத்தோடு சொன்னால் வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்துப் பழக்கலாம் என்று இருக்கிறேன்.

ஓய்வுபெற்ற தீயணைப்பாளர்

அம்மா, பதற்றம் வருவதை யாராலும் நிறுத்த முடியாது. வந்த பிறகு கை எதைச் செய்யும் என்பதை மட்டும் முன்னாடியே முடிவு செய்து வைக்கலாம்.

பயந்தவுடன் உடம்பில் அட்ரினலின் ஏறும். இதயம் வேகமாக அடிக்கும், பார்வை குறுகும், விரல்கள் நடுங்கும். யோசித்துச் செய்கிற வேலை அப்போது நடக்காது. பல்லாயிரம் தடவை செய்து பழகியதைத்தான் கை செய்யும். விடிகாலை இருட்டில் அடுக்களைக்குள் நுழையும்போது உங்கள் கை எத்தனை ஆயிரம் தடவை சுவிட்சுக்குப் போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். "சுவிட்சைத் தொடாதே" என்ற கட்டளை அந்தப் பழக்கத்தோடு மோதித் தோற்றுப்போகும். அதனால் கைக்கு வேறு ஒரு வேலை கொடுக்க வேண்டும். நான் சொல்வது இது: வாசனை பட்டதும் நின்ற இடத்திலேயே நின்று, இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டுங்கள். ஒரு நொடி போதும். கட்டிய கை சுவிட்சுக்குப் போகாது. அந்த ஒரு நொடியில் வாய்விட்டு நான்கு சொல் சொல்லுங்கள்:

மூடு. திற. வெளியேறு. கூப்பிடு.

மனதுக்குள் சொன்னால் போதாது, உரக்கச் சொல்ல வேண்டும். உங்கள் குரல் உங்கள் காதில் விழும்போது அடுத்த வேலை தானாக நினைவுக்கு வரும். கேட்கிற மற்றவர்களுக்கும் நீங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று புரியும்.

மூடு என்றால் அடுப்பின் திருகும் ரெகுலேட்டரும். திற என்றால் கதவு, பிறகு ஜன்னல். வெளியேறு என்றால் ஆட்கள். கூப்பிடு என்பது வீட்டுக்கு வெளியே வந்த பிறகுதான். சமையல் கேஸ் கசிவுக்கென்று 1906 என்ற எண் 24 மணி நேரமும் இயங்குகிறது, எந்தக் கம்பெனி சிலிண்டராக இருந்தாலும் இதுதான். தீ பிடித்திருந்தால் 101 அல்லது 112.

ஜன்னலுக்கு முன் கதவை ஏன் சொன்னேன் என்றால், சமையல் கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. புகை மாதிரி மேலே போகாது, தண்ணீர் மாதிரி தரையில் பரவும். அடுக்களை ஜன்னல் மேடைக்கு மேலேதான் இருக்கும். அதைத் திறந்தால் மேலே இருக்கிற நல்ல காற்றுதான் முதலில் போகும். தரையில் கிடப்பது போக வேண்டுமானால் தரைவரைக்கும் திறக்கிற கதவு வேண்டும், பால்கனிக் கதவாக இருந்தால் இன்னும் நல்லது. தரைத்தளத்து வீடுகளில் ஒரு எச்சரிக்கை: வெளியே தள்ளிய கேஸ் சம்ப்பிலோ, சாக்கடையிலோ, கீழ்த்தள வண்டி நிறுத்தத்திலோ போய்த் தேங்கும். அந்தப் பக்கம் யாரும் பீடி பற்றவைக்காமல், வண்டியைக் கிளப்பாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை நிறுத்துங்கள்.

இனி ஒரு கணக்கு. நேரம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்குப் பதற்றம் பாதியாகக் குறையும். காற்றில் கேஸ் ஏறத்தாழ 2 சதவீதத்திலிருந்து 9 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் பற்றும். மணமே இல்லாத கேஸில் மெர்காப்டன் என்ற நாற்றப்பொருளைக் கலப்பது, பற்றும் அளவில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும்போதே மூக்குக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. எட்டுக்குப் பத்து அடி, பத்தடி உயர அடுக்களை முழுக்க 2 சதவீதம் கலக்க ஏறத்தாழ ஒரு கிலோ கேஸ் வெளியேற வேண்டும். பற்றவைக்காமல் திறந்துவிட்ட ஒரு பர்னர் வழியாக மணிக்கு 150, 200 கிராம்தான் போகும். பால் பொங்கி அடுப்பு அணைந்து ஐந்து நிமிடம் ஆகிவிட்டது என்றால் உங்களுக்கு நேரம் இருக்கிறது. திருகை மூடி, கதவைத் திறந்து, நிதானமாகக் காத்திருக்கலாம். அதே பர்னர் இரவு முழுக்கத் திறந்திருந்தால் கதை வேறு. விடிகாலை விபத்துகளுக்குக் காரணம் இந்த ஆறேழு மணி நேரம்தான். அதோடு கேஸ் சமமாகக் கலக்காது. நின்றுகொண்டிருக்கும் உங்கள் மூக்குக்கு லேசாகத் தெரியும்போது காலடியில் பற்றும் அளவு இருக்கலாம். ஆகவே இந்தக் கணக்கு ஓடாமல் இருப்பதற்கு மட்டும், உள்ளேயே நின்றுகொண்டிருப்பதற்கு அல்ல.

வெளியூர் போய் வந்து பூட்டைத் திறக்கும்போதே வாசனை அடித்தால் உள்ளே போகாதீர்கள். எங்கிருந்து கசிகிறது என்று தேடுவது உங்கள் வேலை இல்லை. கதவை அகலத் திறந்துவிட்டு இறங்கிப் போய்க் கூப்பிடுங்கள்.

கேஸ் மெக்கானிக், கோவை

ஐயா சொன்ன "மூடு" பத்தி மட்டும் நான் விரிவாச் சொல்றேங்க. அந்த இடத்துலதான் நிறையப் பேருக்குக் கை ஓடாது.

கசிவு மூணு இடத்துல வரும். ஒண்ணு அடுப்புப் பக்கம்: பர்னர் திருகு லூஸ், இல்ல அணைஞ்ச பர்னர். ரெண்டு டியூப்: அடுப்பு நாசில்ல மாட்டுற இடம், ரெகுலேட்டர்ல மாட்டுற இடம், எலி கடிச்ச இடம். இந்த ரெண்டுமே ரெகுலேட்டருக்கு அந்தப் பக்கம். ரெகுலேட்டரை ஆஃப் பண்ணினா நின்னுடும். மூணாவது சிலிண்டர் வாய், அதாவது வால்வு. இதுதான் கவனிக்க வேண்டியது. ரெகுலேட்டர் தாண்டி வர்ற கேஸோட அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம். சிலிண்டருக்குள்ள இருக்கிறது பல கிலோ. அதனால வால்வு கசிவு "உஸ்ஸ்"னு சத்தத்தோட வரும், வேகமாவும் பரவும்.

காதைக் கூர்மையா வெச்சுக்கோங்க. வாசனை இருக்கு, சத்தம் இல்லைன்னா சின்னக் கசிவு: அடுப்புத் திருகு, ரெகுலேட்டர் ரெண்டையும் மூடிட்டு கதவைத் திறங்க. சத்தமும் இருக்குன்னா ரெகுலேட்டரை ஆஃப் பண்ணிப் பாருங்க. நின்னா டியூப் பக்கம். நிக்கலைன்னா வால்வு. வெள்ளையா பனி மாதிரி அடிச்சா அது திரவமாவே வெளியே வருதுன்னு அர்த்தம். கிட்டப் போக வேண்டாம், எல்லாரையும் கூட்டிட்டு வெளியே போயிடுங்க.

வால்வுல லேசான கசிவுன்னா வழி இருக்கு. ரெகுலேட்டர் ஆஃப்ல இருந்தாத்தான் கழலும், ஆன்ல இருக்கும்போது எவ்வளவு பலமா இழுத்தாலும் வராது. பதட்டத்துல ஆஃப் பண்ணாமயே பிடிச்சு இழுத்து, சிலிண்டரைச் சாய்ச்சுடறாங்க. ஆஃப் பண்ணுங்க, அடியில இருக்கிற கறுப்பு வளையத்தை மேல தூக்குங்க, ரெகுலேட்டர் கையோட வந்துடும். உடனே சேஃப்டி கேப்பை வால்வு மேல வெச்சு "டக்"னு சத்தம் வர்ற வரைக்கும் அமுக்குங்க. அந்தக் கேப் கசிவை நிறுத்தும். அதுக்காகத்தான் நைலான் கயிறு போட்டு சிலிண்டர்லயே கட்டி அனுப்புறாங்க. நிறைய வீட்டுல அந்தக் கயிறை அறுத்து கேப்பை எங்கேயோ போட்டுடறாங்க. தயவுசெஞ்சு அறுக்காதீங்க. அந்த நேரத்துல அலமாரியில தேடிட்டு இருக்க முடியாது. கேப் போட்டு சத்தம் நின்ன பிறகு சிலிண்டரை நிமிர்ந்த வாக்கிலேயே தூக்கி, திறந்த வெளியில வைக்கலாம். படுக்க வெச்சு உருட்டக் கூடாது. உள்ள இருக்கிறது திரவம். சாய்ச்சா வாய்க்குத் திரவம் வந்துடும், திரவம் ஒரு பங்கு வெளியே வந்தா 250 பங்கு வாயுவா விரியும்.

வால்வு கசிவுக்குப் பெரும்பாலான காரணம் உள்ள இருக்கிற ரப்பர் வாஷர். கிழிஞ்சிருக்கும், இல்ல இருக்காது. சிலிண்டர் கொண்டுவர்ற பையன் முன்னாலயே சீலை உடைச்சு, வாஷர் இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. வால்வு வாயில ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டா குமிழி வருதான்னு தெரிஞ்சுடும். இதை வாசல்லயே செய்யணும், அவர் போன பிறகு இல்ல. சிலிண்டர் கைப்பிடிப் பட்டையோட உள்பக்கம் ஏ, பி, சி, டி எழுத்து ஒண்ணும் வருஷமும் இருக்கும். சிலிண்டரை மறுபடி சோதனை பண்ண வேண்டிய கெடு அது. 'ஏ' இருந்தா மார்ச் வரைக்கும், 'பி' இருந்தா ஜூன், 'சி' இருந்தா செப்டம்பர், 'டி' இருந்தா டிசம்பர். அந்தக் கெடு தாண்டியிருந்தா வாங்காதீங்க.

டியூப் எஃகுக் கம்பி பின்னின ஆரஞ்சு கலர் டியூப்தான் இருக்கணும், 5 வருஷத்துல மாத்தணும், தேதி மேலயே அச்சடிச்சிருக்கும். சந்தேகம்னா அரை டம்ளர் தண்ணில ஒரு ஸ்பூன் பாத்திரம் தேய்க்கிற லிக்விட் கலந்து இணைப்புகள்ல தடவுங்க. குமிழி வந்தா கசிவு. தீக்குச்சி காட்டிப் பார்க்கிற பழக்கம் இன்னும் சில வீட்டுல இருக்கு. ஒருநாளும் கூடாது.

மூன்றாம்மாடி

இருவருக்கும் நன்றி. நைலான் கயிறு எங்கள் சிலிண்டரிலும் அறுந்துதான் கிடக்கிறது, இன்றே கட்டிவிடுகிறேன். இரண்டு சந்தேகம். மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணச் சொல்லி ஒரு வாட்ஸாப் செய்தி வந்தது, அது சரியா? ரெகுலேட்டர் பக்கத்திலேயே தீ எரிந்தால் ஈரச் சாக்கு போடலாம் என்கிறார்கள். என்னால் முடியுமா?

ஓய்வுபெற்ற தீயணைப்பாளர்

மெயின் சுவிட்ச் பற்றிப் பாதிதான் சரி. அணைப்பதும் பொறிதான். போடும்போது வருகிற அதே பொறி, சில சமயம் அதைவிடப் பெரிதாக, அணைக்கும்போதும் வரும். மெயின் உங்கள் வீட்டுக்கு உள்ளே இருந்தால் தொடாதீர்கள். கீழே மீட்டர் பெட்டியோடு, வாசனை எட்டாத இடத்தில் இருந்தால் அணைக்கலாம். ஆனால் இன்வெர்ட்டர் இருக்கிற வீடாக இருந்தால் அதையும் யோசியுங்கள். கரண்ட் நின்ற நொடியில் இன்வெர்ட்டர் தானாக மாறிக்கொள்ளும், அதற்குள்ளே இருக்கிற ரிலே என்ற தானாக மாறும் சுவிட்ச் அடிக்கும். அது அடுக்களைக்குப் பக்கத்தில் தரையில் வைத்திருந்தால் கேஸ் தேங்குகிற இடத்திலேயே பொறி விழுகிறது. ஃப்ரிட்ஜும் இப்படித்தான்: யாரும் தொடாமலே கம்ப்ரசர் ஓடும், நிற்கும். இதையெல்லாம் நம்மால் அடக்க முடியாது. அதனால்தான் வெளியேறு என்ற சொல்லுக்கு அவ்வளவு முக்கியத்துவம். கதவைத் திறந்ததும் ஆட்கள் வெளியே, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுக்காரர்களை எழுப்பும்போது காலிங் பெல்லை அமுக்காதீர்கள், கதவைத் தட்டுங்கள். உங்கள் வீட்டு பெல்லை யாரும் அமுக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள். லிஃப்டும் வேண்டாம். பூஜையறையில் விளக்கோ ஊதுபத்தியோ எரிந்தால், வாசனை லேசாக இருந்து, போகிற வழியிலேயே இருந்தால் அணைத்துவிட்டுப் போங்கள். தேடிப் போய் அணைக்க வேண்டாம்.

இப்போது எரிகிற சிலிண்டர். நெருப்பு குழாய்க்குள் புகுந்து சிலிண்டர் வெடித்துவிடும் என்ற பயத்தில்தான் மாடியிலிருந்து குதிப்பது வரை போகிறார்கள். உள்ளே காற்று இல்லை, வெறும் கேஸ்தான். காற்றில்லாத இடத்தில் தீ எரியாது. வாயில் எரிகிற சுடர் உள்ளே போகாது. சிலிண்டர் வெடிப்பது, வெளியிலிருந்து வேறு தீ அதன் உடம்பைச் சுட்டு, உள்ளழுத்தம் ஏறி, இரும்பு தாங்காமல் போகும்போது. வாயில் மட்டும் எரிந்தால் உங்களுக்குச் சில நிமிடங்கள் உண்டு. மேடைக்குக் கீழே இருந்து மேடை, அலமாரி எல்லாம் பிடித்துக்கொண்டால் இல்லை.

ஈரத்துணி உத்தி உண்மையானதுதான், தீயணைப்புத் துறை செய்முறையாகக் காட்டுவது. ஆனால் நான்கு நிபந்தனை: சுடர் ரெகுலேட்டர், வால்வில் மட்டும் இருக்க வேண்டும். வாசல் உங்கள் முதுகுப்பக்கம் இருக்க வேண்டும். பிள்ளைகளும் பெரியவர்களும் ஏற்கெனவே வெளியே போயிருக்க வேண்டும். கடைசி நிபந்தனை முக்கியம்: அணைத்த கையோடு கேஸை மூடுகிற வழி தெரிந்திருக்க வேண்டும். தடித்த பருத்திப் போர்வை அல்லது சாக்கை முழுக்க நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, விளிம்பை விரல்களின் மேல் மடித்துப் பிடித்து, போர்வையைக் கேடயம் மாதிரி முன்னால் வைத்து நெருங்க வேண்டும். தூக்கி எறியக் கூடாது. முன்பக்கத்திலிருந்து அப்பால் சாய்த்து மூடி, துணியோடு சேர்த்து ரெகுலேட்டரை ஆஃப் பக்கம் திருப்ப வேண்டும். திருப்ப முடியாமல் சுடரை மட்டும் அணைத்தால் கேஸ் எரியாமல் அறை முழுக்க நிறையும், பிறகு எங்கோ ஒரு பொறியில் மொத்தமாகப் பற்றும். எரிகிற கேஸைவிட எரியாமல் சேர்கிற கேஸ் ஆபத்து. ஆகவே மூட முடியாது என்று தெரிந்தால் எரியவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறுங்கள். கசிவுக்குக் கதவைத் திற, தீக்குக் கதவைச் சாத்து. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். நீங்கள் செய்ய முடியுமா என்று கேட்டீர்கள். பழகாமல் முடியாது. பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தில் கேட்டால் குடியிருப்புக்கு வந்து செய்துகாட்டுவார்கள். ஒருமுறை உங்கள் கையால் மூடிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

கேட்காவிட்டாலும் இதைச் சொல்லியாக வேண்டும். வாணலியில் எண்ணெய் பற்றிக்கொள்வது சிலிண்டர் தீயைவிட அதிகம் நடப்பது. பார்த்தவுடன் கை தண்ணீர்ச் செம்புக்குத்தான் போகும். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், அடியில் இறங்கும். எண்ணெய் 300 டிகிரிக்கு மேல் கொதிக்கும் இடத்தில் அது ஒரு நொடியில் ஆவியாகி 1,700 மடங்கு விரியும். மேலே இருக்கிற எரியும் எண்ணெய் முழுவதையும் கூரை வரை தூக்கி அடிக்கும். அடுப்பை அணையுங்கள். வாணலியைவிடப் பெரிய தட்டையோ தாம்பாளத்தையோ உங்கள் பக்கத்து விளிம்பிலிருந்து அப்பால் நகர்த்தி மூடுங்கள். மூடியதைக் குறைந்தது அரை மணி நேரம் திறக்காதீர்கள். சூடு ஆறும் முன் திறந்தால் காற்றுப் பட்டதும் மறுபடி பற்றும். வாணலியைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்கு ஓடுவதுதான் கை, கால், முகம் எல்லாம் வேக வைப்பது. மைதா, கோதுமை மாவு போட்டு அணைக்கப் பார்க்காதீர்கள், மாவும் எரியும். பொரிக்கிற நாளில் அளவான தட்டு ஒன்றை அடுப்புக்குப் பக்கத்தில் எடுத்து வைத்துவிட்டு எண்ணெயை ஊற்றுங்கள்.

அவசரப்பிரிவு செவிலி

தோழி, மூச்சுப்பயிற்சி செய்தால் பதற்றம் குறையும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உண்மைதான், ஆனால் இடம் பார்த்துச் செய்ய வேண்டும். கேஸ் நிறைந்த அடுக்களைக்குள் நின்று ஆழமாக மூச்சிழுக்கக் கூடாது. உள்ளே இருக்கும்வரை நான்கு சொல்தான். வெளியே வந்த பிறகு, 1906 அழைக்கும் முன் மூச்சு: மூக்கால் நான்கு எண்ணிக்கை இழுத்து, வாயைக் குவித்து ஆறு எண்ணிக்கை விடுங்கள். இப்படி மூன்று தடவை. விடும் மூச்சு நீளமாக இருந்தால்தான் இதயத் துடிப்பு இறங்கும். இந்த அரை நிமிடம் வீணில்லை. மூச்சிரைக்கப் பேசினால் எதிர்முனையில் தெருப்பெயர் புரியாது, திரும்பத் திரும்பக் கேட்பார்கள். முகவரி, அடையாளம், எத்தனையாவது மாடி, தீ இருக்கிறதா இல்லையா, உள்ளே யாராவது இருக்கிறார்களா. இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி வாசற்கதவின் உள்பக்கம் ஒட்டினால் ஏழு வயதுப் பிள்ளையும் பார்த்துப் படித்துவிடும்.

இன்னொன்று மூக்கு. ஒரே வாசனையில் சில நிமிடம் நின்றால் மூக்கு பழகிவிடும். "வாசனை போயிடுச்சு" என்று உள்ளே இருந்தவர் சொல்வதை நம்ப வேண்டாம். வெளியே நல்ல காற்றில் இருந்த ஒருவர் வாசலில் நின்று பார்த்துச் சொல்லட்டும். சளி பிடித்தவரையோ வயதானவரையோ இதற்கு அனுப்பாதீர்கள்.

உடையில் தீ பிடித்தால் ஓடத் தோன்றும். ஓடினால் காற்றுப் பட்டு தீ வளரும், நிமிர்ந்து நிற்பதால் சுடர் முகத்துக்கு ஏறும். நில், படு, புரள். இரு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு தரையில் புரள வேண்டும். பக்கத்தில் இருப்பவர் ஜமுக்காளமோ பருத்திப் போர்வையோ கொண்டு கழுத்திலிருந்து கால் பக்கமாக மூட வேண்டும், கீழிருந்து மேலே மூடினால் சுடரை முகத்துக்குத் தள்ளுவீர்கள். நைலான், பாலியெஸ்டர் துணி உருகித் தோலில் ஒட்டும். அடுக்களையில் நைட்டி, துப்பட்டா எல்லாம் பருத்தியாக இருப்பது இதனால்தான் நல்லது.

சுட்ட இடத்தில் ஓடும் குழாய்த் தண்ணீர், முழுதாக 20 நிமிடம். ஐந்து நிமிடத்தில் எரிச்சல் குறைந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். தோலுக்கு அடியில் சூடு இன்னும் வெந்துகொண்டிருக்கும். உடனே முடியாவிட்டாலும் மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பயன் உண்டு. வளையல், மோதிரம், கொலுசை வீங்கும் முன் கழற்றுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள், சுற்றிலும் வெட்டிவிடுங்கள். ஐஸ், பற்பசை, இங்க், மஞ்சள், முட்டை எதுவும் வேண்டாம். போட்டதைக் கழுவி எடுக்கும்போது தோலும் சேர்ந்து வரும், நிறம் பூசியதால் ஆழத்தையும் மருத்துவரால் பார்க்க முடியாது. துவைத்த பருத்தித் துணியால் தளர்வாக மூடி 108. நோயாளியின் உள்ளங்கை விரல்களோடு சேர்த்து உடம்பில் ஒரு சதவீதம் என்று கணக்கிட்டு, எத்தனை உள்ளங்கை அளவு என்று போனிலேயே சொல்லலாம். மூக்கு முடி கருகியிருந்தாலோ, குரல் கரகரத்தாலோ, எச்சிலில் கரி வந்தாலோ வெளியே காயம் சிறிதாக இருந்தாலும் உடனே பெரிய மருத்துவமனை. மூச்சுக்குழாய் உள்ளே வீங்கப் போகிறது. சென்னையில் இருப்பவர்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு உண்டு.

குடியிருப்புச் செயலாளர்

மூவரும் சொன்னதை வீட்டில் எப்படிப் பழக்குவது என்பதற்கு எங்கள் குடியிருப்பில் கடைப்பிடிக்கும் முறை.

பழகும் நாள் என்று தனியாக வைத்தால் மறந்துபோகும். சிலிண்டர் மாற்றும் நாளைப் பழகும் நாளாக வையுங்கள். பழைய சிலிண்டர் காலியாக இருக்கும்போது, வீட்டில் பெரியவர்கள் ஒவ்வொருவரும் ரெகுலேட்டரை ஒருமுறை ஆஃப் பண்ணி, கழற்றி, கேப் போட்டு, எடுக்க வேண்டும். இரண்டாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு. பார்வை குறுகும்போது விரல் வழி கண்டுபிடிக்க இதுதான் உதவும். சமைக்க வரும் அக்காவையும் கட்டாயம் சேருங்கள். தினமும் இரண்டு மணி நேரம் அடுப்புக்கு முன் நிற்பவர் அவர்தான், ரெகுலேட்டரை ஒருநாளும் தொட்டிருக்கமாட்டார்.

இரவில் இரும்புக் கிரில் கேட்டைப் பூட்டும் வீடுகளில் சாவிதான் பெரிய சிக்கல். நடுங்குகிற கையால் சாவிக்கொத்தில் எட்டில் ஒன்றைத் தேட முடியாது. அந்தப் பூட்டின் சாவியை மட்டும் தனியாக, கேட்டுக்குப் பக்கத்தில் ஆணியில், பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். வெளியிலிருந்து கைவிட்டால் எட்டாத தூரம் இருக்கட்டும். இருட்டில் லைட் போடாமல் படுக்கையிலிருந்து அந்த ஆணிவரை நடந்து பாருங்கள், வழியில் என்ன காலில் இடிக்கிறது என்று தெரிந்துவிடும்.

"ஐயோ கேஸ்!" என்று பொதுவாகக் கத்தினால் நான்கு பேரும் ஒரே இடத்துக்கு ஓடுவார்கள், அல்லது நான்கு பேரும் உறைந்து நிற்பார்கள். பெயர் சொல்லி ஒரே ஒரு வேலை சொல்ல வேண்டும். "அக்கா, சின்னவனைத் தூக்குங்க." "அத்தை, என் தோளைப் பிடிச்சுக்கோங்க." யாருக்கு எந்த வேலை என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்கட்டும். உங்கள் மாமியார் மெதுவாக நடப்பவர் என்பதால் அவரோடு போவதைத் தவிர வேறெந்த வேலையும் அந்த ஆளுக்குக் கொடுக்காதீர்கள். அவர் இரவில் படுப்பது வாசலுக்கு அருகிலுள்ள அறையாக இருக்கட்டும்.

சின்னப் பிள்ளைகள் பயந்தால் வெளியே ஓடமாட்டார்கள், ஒளிந்துகொள்வார்கள். கட்டிலுக்கு அடியில், குளியலறையில், பீரோவுக்குப் பின்னால். நான்கு வயதுக்குக் "கேஸ்" புரியாது. "அம்மா கையைக் கட்டினா நீ செருப்பு ஸ்டாண்டுக்கு ஓடு" என்பது விளையாட்டாகப் புரியும். கீழே இறங்கியதும் கூடும் இடம் ஒன்று வேண்டும், கார் நிறுத்தத்தில் அல்ல, காம்பவுண்ட் கேட்டுக்கு வெளியே. அங்கே தலை எண்ணுங்கள். "ஒருத்தர் உள்ளே இருக்காரோ" என்ற சந்தேகத்தில் திரும்ப உள்ளே போய் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

மூன்றாம்மாடி

எல்லாருக்கும் நன்றி. ஐந்து விவரத் தாளை எழுதி ஒட்டிவிட்டேன், சாவிக்கு ஆணியும் அடித்தாயிற்று. மெக்கானிக் அண்ணா, ஒன்று மட்டும்: ராத்திரி படுக்கும் முன் அடுப்புத் திருகை மட்டும் மூடினால் போதுமா, ரெகுலேட்டரையும் தினம் ஆஃப் பண்ணணுமா? தினம் திருகினால் தேய்ந்துவிடும் என்கிறார் மாமியார்.

கேஸ் மெக்கானிக், கோவை

தினமும் ஆஃப் பண்ணுங்க. திருகத்தான் அதைச் செஞ்சிருக்காங்க. அப்படியே தேஞ்சு லூஸாயிட்டா ஏஜென்சியில சொல்லி மாத்திக்கலாம், அதை வெச்சே ஓட்டாதீங்க. ராத்திரி ரெகுலேட்டர் மூடியிருந்தா டியூப் எலி கடிச்சாலும், அடுப்புத் திருகு சரியா மூடாம இருந்தாலும், குழாய்ல மிச்சம் இருக்கிற கொஞ்சம் கேஸ்தான் வெளியே வரும். இன்னொரு பயனும் உண்டுங்க. தினம் ராத்திரி திருகுற கைக்கு அது எந்தப் பக்கம் திரும்பும்னு இருட்டுலயும் தெரியும். அத்தையையே அந்த வேலைக்கு வையுங்க.